எதற்குப் பின் எது வரும் என்ற வரிசையைக் குழந்தை மனதில் பிடித்துக்கொள்வதை நேரில் பார்த்திருக்கிறீர்களா?

மகிழம்பூ:
மகளுக்கு எட்டு மாதம் இருக்கும்போது, அமெரிக்காவில் நாங்கள் குடியிருந்த ஊரின் பல்கலைக்கழகத்துக்கு ஒரு ஆய்வுக்காகக் கூட்டிப்போனோம். ஊசி மருந்து எதுவும் கிடையாது என்று தெரிந்த பிறகுதான் மாமியார் சரி என்றார்.

சின்ன அறை, மங்கலான வெளிச்சம். அவளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். என் காதில் ஹெட்போன், அதில் ஏதோ பாட்டு. அவளுக்குப் போடுகிற சத்தம் எனக்குக் கேட்டால் என்னையறியாமல் அசைந்து குழந்தைக்குக் காட்டிக்கொடுத்துவிடுவேனாம். எதிரே ஒரு விளக்கு மினுக்கும். அவள் பார்த்ததும் அது அணைந்து இடப்பக்கமோ வலப்பக்கமோ இன்னொன்று மினுக்கும். அந்தப் பக்கம் திரும்பினால் அங்கிருக்கும் ஸ்பீக்கர் பேசும், முகத்தைத் திருப்பிக்கொண்டால் நின்றுவிடும். எவ்வளவு நேரம் கேட்கிறாள் என்பதுதான் கணக்கு.

முடிந்ததும் அவள் கேட்டதை எனக்கும் போட்டுக் காட்டினார்கள். 'பிடாகுபடோடிகோலாபுபிடாகுடூபிரோ...' மெஷின் குரல், ஏற்ற இறக்கமில்லை, மூச்சுவிடக்கூட இடைவெளி இல்லை. 1996இல் ரோசெஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஜெனி சாஃப்ரன், ரிச்சர்ட் ஆஸ்லின், எலிசா நியூபோர்ட் மூவரும் செய்த சோதனையில் வந்த, 'பிடாகு' மாதிரி இட்டுக்கட்டிய சொற்களாம். 'பிடாகு'வின் 'பி' (bi; 'டூபிரோ'வில் வருவது வேறு, pi) வந்தால் அடுத்தது 'டா'தான், அதற்கடுத்து 'கு'தான். 'கு'வுக்குப் பின்னால் மட்டும் மூன்றில் ஏதாவது ஒன்று வரலாம். சொல் முடிகிற இடம் அதுதான். இரண்டே நிமிடம் கேட்ட எட்டு மாதக் குழந்தைகள் இதைப் பிடித்துவிட்டன. வரிசை கலைந்த கோவைகளைக் கூடுதல் நேரம் கவனித்துக் கேட்டன. எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

மகள் எப்படிச் செய்தாள் என்று கேட்டேன். ஒரு குழந்தையை வைத்து எதுவும் சொல்ல முடியாது, பல குழந்தைகளின் சராசரியைத்தான் பார்ப்போம் என்றார்கள். மாமியாருக்குத்தான் ஏமாற்றம். மார்க்கைக் கேட்டு ஊருக்கு போன் போட இருந்தார்.

மதுரைப் பாட்டி:
ஆய்வகமெல்லாம் எனக்குத் தெரியாதும்மா. பேரனுக்கு ஏழு மாதம். உள்ளங்கையில் பருப்புக் கடைந்து, அம்மாவுக்கு ஒரு வாய், அப்பாவுக்கு ஒரு வாய் என்று விரல் விரலாக மடக்கி, அப்புறம் நண்டூருது நரியூருது. முன்பெல்லாம் அக்குளில் கை பட்டால்தான் சிரிப்பான். இப்போது கடைசி விரலை மடக்கும்போதே தோளை ஒடுக்கிக்கொள்கிறான். நேற்று வேண்டுமென்றே முழங்கையோடு நிறுத்தினேன். சிரிப்பு நின்றுபோய் என் விரலைப் பார்த்தான், முகத்தைப் பார்த்தான், மறுபடி விரலைப் பார்த்தான். அப்புறம் இரண்டு காலாலும் ஒரே உதை!

தாளக்காரன்:
பாட்டி, உங்கள் பேரனுக்கு அந்த வரிசை பழகிப்போச்சு. ஆனால் கேட்டே இராத ஒலிகளிலும் அதே அமைப்பை அடையாளம் காண முடியுமா? 1999இல் கேரி மார்கஸ் குழுவினர் ஏழு மாதக் குழந்தைகளிடம் இதைப் பார்த்தார்கள். சிலருக்கு 'க தி தி', 'லி ந ந' மாதிரி, மற்றவர்களுக்கு 'க தி க' மாதிரி போட்டுப் பழக்கினார்கள். பிறகு புத்தம்புது அசைகளில் 'வோ ஃபே ஃபே', 'வோ ஃபே வோ'. முதல் சோதனையில் 16 பேரில் 15 பேர் பழகாத அமைப்பு வந்த பக்கத்தையே அதிக நேரம் பார்த்தார்கள். குழந்தை விதியைக் கற்கிறதா, எதற்குப் பின் எது அதிகம் வருகிறது என்ற வெறும் கணக்குதானா என்று அறிஞர்கள் அப்போதே மோதிக்கொண்டார்கள். நானும் விடுவேனா? தட்டில் ஸ்பூனால் டிங் டொக் டொக், அப்புறம் டபராவில் அதே அமைப்பு. பையன் ஸ்பூனைப் பிடுங்கி வாயில் வைத்துக்கொண்டான்.

புது அம்மா:
எங்கள் பக்கத்தில் ஒரு வகுப்பில் ஆறு மாதக் குழந்தைகளுக்கு அட்டை காட்டி 'பேட்டர்ன் பயிற்சி' தருகிறார்களாம். ஃபீஸ்தான் கொஞ்சம் அதிகம். சேர்க்கலாமா?

மகிழம்பூ:
என்னைக் கேட்டால் வேண்டாம். அந்த இரண்டு நிமிடத்தில் என் மகளுக்கு யாரும் எதையும் சொல்லித்தரவில்லை. 2009இல் வெளியான ஹெல்சிங்கி ஆய்வில், இதே மாதிரி அசைத்தொடரைப் போட்டபோது, தூங்கிக்கொண்டிருந்த பச்சிளங்குழந்தைகளின் மூளை அலைகளிலேயே சொல் தொடங்கும் இடம் தெரிந்தது. தூங்குகிற பிள்ளைக்கு யார் அட்டை காட்டினார்கள்? ஃபீஸை மிச்சம் பிடித்து, பாட்டியிடம் பருப்புக் கடையக் கற்றுக்கொள்ளுங்கள்.