பழைய பாஸ்கெட்பாலை மெடிசின் பாலா மாத்தினவங்க யாராச்சும் இருக்கீங்களா?

வணக்கம் மக்களே, ஒரு உதவி வேணும். காத்து நிக்காத பழைய பாஸ்கெட்பால் ஒண்ணு சும்மா கிடக்கு, அதுல மணல் ரொப்பி மெடிசின் பால் (எக்சர்சைஸ் பண்ண யூஸ் பண்ற கனமான பந்து) பண்ணலாம்னு இருக்கேன். கணக்கு போட்டா பெரிய சைஸ் பால் உள்ள கிட்டத்தட்ட 7 லிட்டர் பிடிக்கும், காஞ்ச மணல் லிட்டருக்கு ஒன்றரை கிலோ வரும், முழுசா ரொப்புனா 11 கிலோ பக்கம் போயிடும், எனக்கு அவ்வளவு வேணாம், 4 கிலோ போதும். ஆனா பாதி மட்டும் போட்டா மணல் ஒரு பக்கமா சரிஞ்சு, கேட்ச் பிடிக்கும்போது மணிக்கட்டை இழுத்துடுமே, அதான் யோசனை. மரத்தூள் கலந்து இறுக்கமா அடைச்சா எடையும் குறையும் ஆடவும் ஆடாது, ஆனா குலுக்க குலுக்க மணல் மட்டும் அடியில இறங்கிடாதா?

அப்புறம் ஓட்டை. வால்வு வழியா ரொப்புனா விடிஞ்சிடும், அதனால பிளேடால சின்னதா கீறி, ரொப்பிட்டு, சைக்கிள் பஞ்சர் பேட்ச் ஒட்டலாம்னு ஐடியா. கையில வெச்சு ட்விஸ்ட், ஸ்குவாட் பண்ண தாங்கும்னு நினைக்கிறேன், தரையில ஓங்கி அடிச்சா நிக்குமா? (சுவத்துல எறியறதெல்லாம் இல்ல, வீட்டுல இருக்கணும்ல.) பேட்ச் மேல துணி டேப் சுத்தினா பிடிமானமும் கிடைக்குமா, இல்ல வேற எதாவது ஒட்டணுமா, செஞ்சு பார்த்தவங்க கொஞ்சம் சொல்லுங்க, போட்டோ இருந்தா இன்னும் நல்லது.