சென்னை சிட்டி கோப்பை வென்ற சீசன்: பழைய பதிவுகளை வீட்டில் போட்டுப் பார்த்தவர்கள் பகிர்ந்தவை

கோவை, பீளமேடு

2018-19 ஐ-லீக் கால்பந்துத் தொடரில் சென்னை சிட்டி அணி ஆடிய ஆட்டங்களில் டிவியில் வந்தவற்றை செட்டாப் பாக்ஸில் பதிவுசெய்து வைத்திருந்தேன். அதில் பதிந்ததை வேறு எதிலும் போட்டுப் பார்க்க முடியாது. அதனால் வீட்டுக்குப் புது இணைப்பு வந்த பிறகும் பழைய பெட்டிக்குக் குறைந்தபட்ச சந்தா கட்டி உயிரோடு வைத்திருக்கிறேன். இதற்காக வீட்டில் வாங்கும் ஏச்சு தனிக்கதை.

பையனுக்குப் பள்ளி விடுமுறை விட்டதும், இருவரும் உட்கார்ந்து முதல் ஆட்டத்திலிருந்து வரிசையாகப் பார்த்தோம். முடிவு தெரிந்த ஆட்டத்தில் என்ன சுவாரசியம் என்று கேட்பவர்களுக்காகவே எழுதுகிறேன். முடிவு தெரியும் என்பதால்தான், எத்தனை இடங்களில் அது கை நழுவப் பார்த்தது என்பது கண்ணில் படுகிறது.

முதல் ஆட்டம் 2018 அக்டோபர் 26, நம் கோவை நேரு ஸ்டேடியத்தில். எதிரணி இந்தியன் ஏரோஸ். 4-1, பெட்ரோ மான்சிக்கு ஹாட்ரிக். இன்றைக்குப் பார்த்தால் கோப்பைக்கான முன்னறிவிப்பு போலத் தெரியும். அன்று அப்படி இல்லை. ஏரோஸ் என்பது இளையோரை வளர்ப்பதற்காகக் கால்பந்து சம்மேளனம் நடத்திய அணி. அவர்களை வென்றதற்கு யார் துள்ளிக் குதிப்பார்கள்? அதற்கு முந்தைய சீசனில் நாம் பத்து அணிகளில் எட்டாவது. இருந்த ஒரே நட்சத்திரமான மைக்கேல் சூசைராஜும் ஜாம்ஷெட்பூர் அணிக்குப் போய்விட்டார். சிங்கப்பூரிலிருந்து வந்த அக்பர் நவாஸ் என்ற பயிற்சியாளர், ஸ்பெயினின் கீழ்நிலை லீக்குகளில் ஆடிக்கொண்டிருந்த சிலர், உள்ளூர்ப் பையன்கள். அணி அவ்வளவுதான். சீசன் தொடக்கத்தில் கோப்பை நமக்கு என்று எவராவது சொல்லியிருந்தால், பக்கத்தில் இருந்தவர் ஒரு சோடா வாங்கிக் கொடுத்து உட்காரவைத்திருப்பார்.

இத்தனை ஆண்டுகளாக என் மனதில் இருந்தது மான்சியின் சீசன். 21 கோல், சர்ச்சில் பிரதர்ஸின் வில்லிஸ் பிளாசாவோடு சேர்ந்து லீகிலேயே அதிகம். திரும்பப் பார்க்கும்போது என் கண் மான்சியிடம் நிற்கவில்லை. கோல் எப்படியும் விழும் என்று தெரிந்துவிட்டதால், அதற்கு மூன்று நான்கு பாஸ்களுக்கு முன்னால் என்ன நடந்தது என்று பார்க்கப் பொறுமை வருகிறது. கோல்கீப்பர் நௌசெத் சந்தானா பந்தைத் தூக்கி அடிக்காமல் பக்கத்தில் இருப்பவருக்கு உருட்டிவிடுவார். அன்று கேலரியில் உட்கார்ந்து "அடிச்சுத் தொலைடா" என்று கத்தியவர்களில் நானும் ஒருவன். அங்கிருந்து பந்து நெஸ்டர் கோர்டில்லோவிடம் போகும். வாங்கும்போதே அவர் உடம்பைத் திருப்பியிருப்பார், நிமிர்ந்து பார்ப்பது அதற்குப் பிறகுதான். என் பையன் ரிமோட்டை வாங்கி ஒரு திருப்பத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டினான். கோல் விழுந்த இடத்தில் அவனுக்கு அவ்வளவு ஆர்வமில்லை.

குறையையும் சொல்ல வேண்டும். சீசன் பாதியைத் தாண்டியதும் எல்லா ஆட்டங்களும் டிவியில் வரவில்லை. ஆகவே என் தொகுப்பு பல்லு போன சீப்பு மாதிரி. அதைவிடப் பெரிய கொடுமை கடைசி ஆட்டம். அட்டவணையில் போட்டிருந்த நேரம் முடிந்ததும் பெட்டி பதிவை நிறுத்திவிட்டது. 2-1 என்ற நிலையில், முழு நேரம் முடியச் சில நிமிடங்கள் இருக்கும்போது திரை கறுப்பாகிவிடுகிறது. அன்று நேரில் ஸ்டேடியத்தில் இருந்தேன், முடிவு எனக்கு மனப்பாடம். ஆனாலும் அந்தக் கறுப்பு வந்ததும் எனக்கும் பையனுக்கும் ஒரே நேரத்தில் வாயில் வந்தது இங்கே எழுதக்கூடியதல்ல.

* * *

திருப்பூர்

பீளமேட்டு அண்ணா, நீங்கள் விட்ட இடத்திலிருந்து என்னிடம் இருக்கிறது.

2019 மார்ச் 9, சனிக்கிழமை. நாங்கள் நண்பர்கள் சேர்ந்து வேன் எடுத்துக்கொண்டு வந்திருந்தோம். இடைவேளைக்குப் பிறகு நடந்ததை என் மாமா தன் போனில் விட்டுவிட்டுப் படம் பிடித்தார். மாமாவுக்குக் கால்பந்து தெரியாது. கூட்டத்தைப் பார்க்க வந்தவர். அதனால் அந்த வீடியோவில் பந்து பாதி நேரம் இருக்காது. முன்வரிசைக்காரரின் வழுக்கை, ஓட்டப்பந்தயத் தடத்தில் நிற்கும் போலீஸ்காரர், சமயத்தில் மாமாவின் கட்டைவிரல். ஸ்டேடியத்தில் ஆடுகளத்தைச் சுற்றி அந்தத் தடம் இருப்பதால் வீரர்கள் எறும்பு அளவுக்குத்தான் தெரிகிறார்கள்.

டிவி பதிவில் கிடைக்காத ஒன்று இதில் இருக்கிறது, அதுதான் சத்தம். மூன்றாவது நிமிடத்திலேயே எதிரணியான மினர்வா பஞ்சாபின் ரோலன்ட் பிலாலா கோல் போட்டுவிட்டார் அல்லவா? இடைவேளை முடிந்து தொடங்கும் துண்டில் கேலரியில் மூச்சுப்பேச்சு இல்லை. பின்னால் ஒருவர் நிதானமாக மோட்டார் ரிப்பேர் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார். 56-ஆவது நிமிடத்தில் மான்சி பெனால்டியை அடித்ததும் அந்த மோட்டார்க்காரரின் குரல்தான் எல்லாரையும்விட உரக்கக் கேட்கிறது.

69-ஆவது நிமிடம் கௌரவ் போரா. 2-1. இஞ்சுரி டைமில் மூன்றாவது நிமிடம் மறுபடியும் போரா. 3-1. பின்கள ஆட்டக்காரர் ஒருவர் கோப்பை ஆட்டத்தில் இரண்டு கோல்! அந்தக் கடைசி கோல் மாமாவின் வீடியோவில் விழவில்லை. மாமா அப்போது மேகத்தைப் படம் பிடித்துக்கொண்டிருக்கிறார். கோல் விழுந்தது சத்தத்தில்தான் தெரியும். பிறகு படம் தலைகீழாகிறது, யாரோ போனைத் தட்டிவிட்டிருக்கிறார்கள், தரையில் கிடந்தபடியே அது பாப்கார்ன் காகிதத்தையும் செருப்புக் கால்களையும் காட்டிக்கொண்டு ஓடுகிறது. எங்கள் வீட்டில் விசேஷம் என்றால் டிவியில் இதைப் போட்டுவிடுவோம். மாமாவைக் கிண்டல் செய்யப் போட ஆரம்பித்தது. இப்போது அவரே கேட்டுப் போடச் சொல்கிறார்.

* * *

கொல்கத்தா (சொந்த ஊர் மன்னார்குடி)

அன்றைக்கு நடந்தது இரண்டு ஆட்டங்கள் என்பதை நீங்கள் எல்லாரும் சௌகரியமாக மறந்துவிட்டீர்கள். கோழிக்கோட்டில் கோகுலம் கேரளாவோடு, கோப்பைக்கு நம்மோடு போட்டியிட்ட கொல்கத்தா அணியான ஈஸ்ட் பெங்கால் ஆடிக்கொண்டிருந்தது. நான் வேலை நிமித்தம் இங்கே இருப்பவன். வீட்டு உரிமையாளர் குடும்பமே ஈஸ்ட் பெங்கால் வெறியர்கள். தேசிய லீகை அவர்கள் கடைசியாக வென்றது 2003-04-இல். அந்த ஏக்கம் எப்படிப்பட்டது என்று கூடவே வாழ்ந்தால்தான் தெரியும். அந்த சீசன் நவம்பரில் இங்குள்ள சால்ட் லேக் ஸ்டேடியத்துக்கே வந்து சென்னை சிட்டி 2-1 என்று ஜெயித்துவிட்டுப் போன பிறகு, என் தமிழ்ப் பெயரைச் சொல்லியே அந்த வீட்டுப் பெரியவர் என்னைத் திட்டுவார். பாசத்தோடுதான்.

அந்தக் கோழிக்கோட்டு ஆட்டத்தின் பதிவு அவர் வீட்டில் இருக்கிறது. தோற்றதைப் பதிவு செய்து வைத்திருப்பாரா என்று கேட்காதீர்கள், அந்த ஆட்டத்தில் அவர்கள் தோற்கவில்லை. அதுதான் விஷயம். கடைசி நாளன்று காலையில் சென்னை சிட்டி 40 புள்ளி, ஈஸ்ட் பெங்கால் 39. கோழிக்கோட்டிலும் 69-ஆவது நிமிடம்தான், மார்க்கஸ் ஜோசப் கோல் போட்டுக் கோகுலம் முன்னிலை. கோவையில் போரா போட்ட அதே நிமிடக் கணக்கு! அதோடு கதை முடிந்தது என்று நான் வாய்விட்டுச் சொல்லித் தொலைத்தேன். 79-இல் ஹைமே சாந்தோஸ் பெனால்டி. 85-இல் லால்தன்மாவியா ரால்தே. 2-1 ஈஸ்ட் பெங்கால்.

இப்போது கணக்கைப் பாருங்கள். அவர்கள் 42. நாம் வென்றால் 43, சமன் செய்தால் 41. கோவையில் மினர்வா ஒரு கோல் போட்டால் கோப்பை கொல்கத்தாவுக்கு. மினர்வாவும் ஏப்பைசாப்பை அணி இல்லை, அதற்கு முந்தைய சாம்பியனே அவர்கள்தான். 85-ஆவது நிமிடத்திலிருந்து போராவின் இரண்டாவது கோல் வரையிலான அந்த நேரம்தான் அந்த சீசனின் உச்சம் என்பேன். பீளமேட்டுக்காரரின் பெட்டி நின்றுபோனது சரியாக அங்கேதான் என்பதைப் படித்ததும் சிரித்துவிட்டேன்.

பெரியவர் இன்னும் அந்தப் பதிவைப் போடுகிறார். ரால்தேயின் கோல் வரை பார்ப்பார். வீட்டில் எல்லாருக்கும் இனிப்பு கொடுக்கச் சொல்வார். பிறகு அணைத்துவிடுவார்.

* * *

சென்னை, வியாசர்பாடி

நான் இங்கே சிறுவர்களுக்குப் பந்து பழக்குகிறவன். முதலில் என் மனத்தாங்கலைச் சொல்லிவிடுகிறேன். பெயரில் சென்னை, ஆடியது கோவையில். இங்கே தெருவுக்குத் தெரு பந்து உதைக்கிற பையன்கள் இருக்க, நம் பெயரைத் தாங்கிய அணியைப் பார்க்க இரவு ரயில் ஏற வேண்டியிருந்தது. ரயில் ஏறிப் போய்ப் பார்த்தோம் என்பது வேறு.

பையன்களுக்கு அந்த ஆட்டங்களில் சிலவற்றைப் போட்டுக் காட்டுவது வழக்கம். ஐரோப்பிய ஆட்டங்கள் கேட்காமலே போனில் கிடைக்கின்றன. அவற்றைப் பார்த்து அவர்கள் முடிவெட்டுவதைத்தான் கற்றுக்கொள்கிறார்கள். இதைப் போட்டால் கேள்வி வேறு மாதிரி வருகிறது. எட்வின் சிட்னி வான்ஸ்பால் திரையில் வந்ததும் "இவர் தமிழா?" என்பார்கள். ரொமாரியோ யேசுராஜ் பெயர் சட்டையில் தெரிந்ததும் அதே கேள்வி. ஆமாம் என்றால் அடுத்த பத்து நிமிடம் பந்தை விட்டுவிட்டு அந்த ஒருவரையே பார்ப்பார்கள். பந்து இல்லாதபோது ஆட்டக்காரன் எங்கே நிற்கிறான் என்று நான் தொண்டை வறளக் கத்தியும் ஏறாதது, அப்போது தானாக ஏறுகிறது.

அதற்குப் பிறகு நடந்ததையும் அவர்களிடம் மறைப்பதில்லை. 2020 ஜனவரியில் ஆசிய சாம்பியன்ஸ் லீக் தகுதிச் சுற்று, பஹ்ரைனின் அல் ரிஃபாவோடு. அகமதாபாத்தில் 0-1 தோல்வி. கோர்டில்லோ ஹைதராபாத் போனார், மான்சி ஜப்பான் போனார். பிறகு அணியே ஐ-லீகில் இல்லாமல் போனது. போன மாதம் ஒரு பொடியன், "அப்போ அடுத்த மேட்ச் எங்கே சார்?" என்று கேட்டான். வீடியோவை மறுபடி முதலிலிருந்து போட்டேன், வேறென்ன செய்ய.

* * *

கோவை, பீளமேடு

திருப்பூர்த் தம்பி, மாமாவின் வீடியோவை எனக்கு அனுப்புங்கள். மேகம் இருந்தாலும் பரவாயில்லை. என் பெட்டியின் கறுப்புத் திரைக்குப் பிறகு அதை ஓட்டிக்கொள்கிறேன்.

கொல்கத்தா நண்பர் சொன்ன பிறகு இன்னொன்றும் தோன்றியது. அந்தக் கடைசி நாளே தேவைப்பட்டிருக்கக் கூடாது. மார்ச் 1-ஆம் தேதி கோவாவில் சர்ச்சிலை வென்றிருந்தால் அங்கேயே கோப்பை நம்முடையது. 3-2 என்று தோற்றோம். அந்த இரவு எங்கள் தெருவில் நான்கு பேர் டீக்கடையில் நின்று "நம்ம ராசி இவ்வளவுதான்" என்று பேசியது நினைவிருக்கிறது. கோவையில் கோப்பையைக் கண்முன் பார்க்க வேண்டும் என்பதற்காகவே அன்று தோற்றார்கள் என்று இப்போது சிலர் பெருமை பேசுகிறார்கள். அவர்களைப் பிடித்து உட்காரவைத்து அந்த ஆட்டத்தைக் காட்ட வேண்டும்.

அதுதான் என்னிடம் இல்லை. வென்ற ஆட்டங்கள் எல்லாரிடமும் இருக்கின்றன. சர்ச்சில் ஆட்டம் முழுதாக, அல்லது இரண்டாம் பாதியாவது, யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள். பென் டிரைவ் எடுத்துக்கொண்டு நானே வருகிறேன்.