எச்-1பி ஆறாண்டு முடிகிறது: மகனுக்கு என்ன வழி?

கேள்வி (மார்த்தாண்டம்): டெக்சாஸில் எச்-1பி விசாவில் (பொதுவாக ஆறாண்டு வரை அமெரிக்காவில் வேலை செய்ய அனுமதிக்கும் விசா) பணிபுரியும் என் மகனுக்கு ஆறாண்டு வரம்பு நெருங்குகிறது, நிறுவனம் கிரீன் கார்டு வேலையைத் தொடங்கவே இல்லை. ஊருக்குத் திரும்புவதைத் தவிர வேறு வழி உண்டா?

பதில் (தக்கலை): ஐயா, முதலில் அவரது பாஸ்போர்ட்டில் உள்ள முத்திரைகளை எண்ணச் சொல்லுங்கள். அமெரிக்காவுக்கு வெளியே கழித்த முழு நாட்கள் அந்த ஆறாண்டுக் கணக்கில் சேராது. தந்தையின் இறுதிச் சடங்குக்கு வந்து நான் இங்கே தங்கிய 41 நாட்களை, திருவனந்தபுரம் விமான நிலைய முத்திரைகளைக் காட்டித்தான் மீட்டேன்.

பதில் (குளச்சல்): அந்த நாட்களைக் கேட்கும் நீட்டிப்பு விண்ணப்பம் ஐ-94 (அமெரிக்காவில் எந்த நாள் வரை தங்கலாம் என்று காட்டும் பதிவு) தேதிக்குள் போய்ச் சேர வேண்டும், விசா முத்திரையின் தேதியை நம்பி இருந்துவிட வேண்டாம். உரிய காலத்தில் சேர்ந்துவிட்டால், முடிவு வரும்வரை அதே நிறுவனத்தில் 240 நாட்கள் வரை பணியாற்றலாம்.

கேள்வி கேட்டவர்: மிக்க நன்றி. இன்றிரவே அவனிடம் பேசுகிறேன்.