மறு: 'ஸ்டோரேஜ் டிரைவர்' – 'மதகு இயக்கி' என்று சொன்னால் என்ன?

கலைச்சொல் குழும நண்பர்களுக்கு வணக்கம். டிஸ்கை விண்டோஸுக்குத் தெரியவைக்கும் சிறு மென்பொருளான 'ஸ்டோரேஜ் டிரைவர்' என்பதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்பதுதான் பேச்சு.

> 'சேமிப்பக இயக்கி' என்று ஒரு சொல் ஏற்கெனவே புழங்குகிறதே, அது போதாதா?

போதாது என்பது என் கட்சி. வேலூரில் லேப்டாப் சர்வீஸ் பழகும் பையன்களுக்காக நாங்கள் எழுதும் கையேட்டில், புது லேப்டாப்பில் பழைய விண்டோஸ் போடும் அத்தியாயம் இந்தச் சொல்லால்தான் நொண்டுகிறது.

இந்த வேலையில் பழக்கமில்லாதவர்களுக்காகப் பிரச்சினையை முதலில் சொல்லிவிடுகிறேன். விண்டோஸ் 11 உடன் வந்த லேப்டாப்பை ஒருவர் கொண்டுவருகிறார். அவருடைய பழைய பில்லிங் மென்பொருள் அதில் ஓடவில்லை, 10 வேண்டும் என்கிறார். (10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 உடன் முடிந்தது என்று சொல்லிப் பார்க்கலாம். கேட்கமாட்டார்.) பென்டிரைவைச் செருகி நிறுவலைத் தொடங்கினால், எந்த டிஸ்கில் நிறுவுவது என்று கேட்கும் திரையில் பட்டியல் காலி. ஒரு டிஸ்கும் இல்லை. பக்கத்தில் நிற்கும் வாடிக்கையாளர் முகம் மாறிவிடும்: 'டிஸ்க் போயிடுச்சா சார்?'

டிஸ்குக்கு ஒன்றும் ஆகவில்லை. இன்டெல்லின் 11ஆம் தலைமுறைச் சில்லுகளிலிருந்து பல மாடல்களில் எஸ்எஸ்டி (இன்றைய லேப்டாப்புகளின் டிஸ்க்) நேரடியாகத் தெரிவதில்லை. விஎம்டி என்ற கட்டுப்படுத்தி (கன்ட்ரோலர்) இடையில் நிற்கிறது. அதோடு பேசத் தெரிந்த டிரைவர் விண்டோஸ் 10 நிறுவல் பென்டிரைவில் இல்லை. அவ்வளவுதான் விஷயம்.

இது புதுக் கதையும் இல்லை. 2007இல் விண்டோஸ் விஸ்டா வந்தபோது அதைப் பிடிக்காமல் பழைய விண்டோஸ் எக்ஸ்பிக்குத் திரும்பியவர்கள் எத்தனை பேர் என்று பழைய ஆட்களைக் கேளுங்கள். எக்ஸ்பி பிறந்தது 2001. சாட்டா வகை டிஸ்குகளோடு கணினி பேசுவதற்கான ஏஎச்சிஐ முறை வகுக்கப்பட்டது 2004. தனக்குப் பின்னால் பிறந்ததை எக்ஸ்பிக்கு எப்படித் தெரியும்? 'ஹார்ட் டிஸ்க் எதுவும் இல்லை' என்று கைவிரிக்கும், அல்லது 7பி என்று முடியும் எண்ணோடு நீலத்திரை காட்டும். நிறுவலின் தொடக்கத்தில் எஃப்6 அழுத்தி டிரைவர் கொடுக்கலாம். ஆனால் அதை ஃபிளாப்பியிலிருந்துதான் படிக்கும், அன்றைய லேப்டாப்புகளில் ஃபிளாப்பி டிரைவே கிடையாது! அதனால் பயாஸில் (விண்டோஸ் எழும்முன் வரும் அமைப்புத் திரையில்) நுழைந்து ஏஎச்சிஐயை எக்ஸ்பிக்குத் தெரிந்த பழைய ஐடிஈ முறைக்கு மாற்றினார்கள். அந்த வசதியில்லாத மாடல் என்றால் டிரைவரை நிறுவல் சிடிக்குள்ளேயே கலந்து புது சிடி எழுதினார்கள். 2009இல் வந்த விண்டோஸ் 7க்கும் 2011இல் முதல் பதிப்பு வந்த, எஸ்எஸ்டிகளுக்கான என்விஎம்ஈ முறைக்கும் இடையில் நடந்ததும் இதே கூத்துதான்.

இப்போது சொல்லுக்கு வருகிறேன். 'சேமிப்பக இயக்கியை நிறுவுக' என்று கையேட்டில் எழுதினால் பையனுக்கு என்ன புரியும்? டிரைவ் 'இயக்ககம்', டிரைவர் 'இயக்கி' என்று நாம் பிரித்து வைத்திருக்கிறோம், சரி. ஆனால் பழைய கணினிப் புத்தகங்கள் சிலவற்றில் டிஸ்க் டிரைவையே 'வட்டு இயக்கி' என்று எழுதியிருக்கிறார்கள். கடையிலோ டிரைவ், டிரைவர் இரண்டும் ஒரே மூச்சில் வந்து விழும். ஆக, 'சேமிப்பக இயக்கி இல்லை' என்று படிப்பவன் எஸ்எஸ்டி இல்லை, வாங்கிப் போடவேண்டும் என்று முடிவு செய்தால் அவனைக் குறை சொல்ல முடியாது. மென்பொருள் ஒன்று குறைவதற்குப் போய் வாடிக்கையாளர் புது டிஸ்குக்குப் பணம் கட்டுவார்.

இதைவிடப் பெரிய குறை, அந்த மென்பொருள் பேசுவது சேமிப்பகத்தோடு அல்ல, அதற்கு முன்னால் நிற்கும் கட்டுப்படுத்தியோடு. சொல்லில் அந்த இடைப்பொருள் தெரியவேண்டும். 'சேமிப்பகக் கட்டுப்படுத்தி இயக்கி' என்று ஒரு நண்பர் முன்மொழிந்தது பொருளளவில் சரியானது. ஆனால் அதை ஒருமுறை சொல்லி முடிப்பதற்குள் விண்டோஸ் பாதி ஏறிவிடும்.

என் முன்மொழிவு: ஸ்டோரேஜுக்கு நம்மில் சிலர் வைத்த 'தேக்ககம்' என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். தேக்கம் என்றாலே வட ஆற்காட்டுக்காரனுக்கு ஏரிதான் நினைவுக்கு வரும். காவேரிப்பாக்கம் ஏரி நிறையத் தண்ணீர் இருந்தாலும் மதகைத் திறக்கத் தெரிந்த ஆள் இல்லையென்றால் கழனிக்கு ஒரு சொட்டு வராது. கட்டுப்படுத்திதான் 'மதகு'. அதைக் கையாளத் தெரிந்த மென்பொருள் 'மதகு இயக்கி'. 'மதகு இயக்கி இல்லை' என்று எழுதினால் யாரும் ஏரி வாங்கப் போகமாட்டார்கள்.

இதில் எனக்குப் பிடித்தது, தீர்வுகள் இரண்டும் இந்தச் சொல்லுக்குள் தாமாகவே அடங்குவது. பயாஸில் விஎம்டியை அணைப்பதோ அன்று ஐடிஈக்கு மாற்றியதோ, பழைய ஆளுக்குப் பழகிய மதகையே அமைத்துக் கொடுப்பது. பென்டிரைவில் டிரைவர் கோப்புகளைப் போட்டு, நிறுவல் திரையில் 'லோட் டிரைவர்' அழுத்திக் காட்டுவது, புது மதகு தெரிந்த ஆளைக் கூட்டிவருவது. முதல் வழியில் ஒரு ஆபத்தையும் கையேட்டில் சேர்க்கவேண்டும்: விஎம்டியை அணைத்தபின், ஏற்கெனவே உள்ள விண்டோஸ் 11 பெரும்பாலும் எழாது. அதிலிருந்து தரவு எடுக்கவேண்டியிருந்தால் அதை முதலில் முடித்துவிட்டு, டிஸ்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கரின் மீட்புச் சாவியையும் வாங்கி வைத்துக்கொண்டு, அப்புறம் பயாஸில் கைவைக்கவேண்டும்.

> மதகு என்றால் கேட்வே (வலையமைப்புகளை இணைக்கும் வாசல்) என்று நினைத்துவிடமாட்டார்களா?

ஆரணி அம்மா கேட்டது நியாயமான கேள்வி. கேட்வேக்கு 'நுழைவாயில்' ஏற்கெனவே ஊன்றிவிட்டது, அதை யாரும் அசைக்கப் போவதில்லை. நுழைவாயிலில் ஆள் போவார், வருவார். மதகு தேக்கிவைத்ததைத் திறந்துவிடுவதற்கு மட்டுமே. தண்ணீர் மதகு வழியாக ஏரிக்குத் திரும்பாதே, டிஸ்கில் எழுதவும் செய்கிறோமே என்று பொறியாளர் ஒருவர் மடக்கினார். உண்மைதான். ஆனால் கலைச்சொல்லில் பொருளின் எல்லா இயல்பும் அடங்கவேண்டும் என்றால் மவுஸுக்கு 'சுட்டி' என்ற சொல்லைக்கூட நாம் ஏற்றிருக்க முடியாது.

புணர்ச்சி பற்றி: இலக்கணப்படி 'மதகியக்கி' என்று சேர்க்கலாம். வேண்டாம் என்கிறேன். சேர்த்தால் ஏதோ ஏரிக்கரைத் தெய்வத்தின் பெயர்போல ஒலிக்கிறது. போளூர் பக்கம் திருமலைச் சமணத் தலத்தில் இருப்பவளும் இயக்கி (யட்சி)தானே! பிரித்தே எழுதுவோம்.

டவுன்கிரேடுக்கு, அதாவது பழைய பதிப்புக்குத் திரும்புவதற்கு, 'தரமிறக்கம்' வேண்டாம் என்பதில் எல்லோரும் ஒத்துப்போகிறோம். தரம் குறைக்கிறோம் என்று ரசீதில் எழுதினால் யார் காசு கொடுப்பார்? 'பதிப்பிறக்கம்' அழகாக இருக்கிறது, ஆனால் 'பதிவிறக்கம்' என்பதற்கு ஓரிரு எழுத்துதான் வித்தியாசம், அச்சுப்பிழை என்று திருத்திவிடுவார்கள். 'பழம்பதிப்பு நிறுவல்' போதும்.

கையேட்டில் இப்படிப் போடலாமா பாருங்கள்:

'பழம்பதிப்பு நிறுவலின்போது டிஸ்க் பட்டியல் காலியாக இருந்தால் டிஸ்கைக் கழற்றாதே. முதலில் பயாஸில் டிஸ்க் பெயர் தெரிகிறதா என்று பார். தெரிந்தால் குறைவது மதகு இயக்கி (ஸ்டோரேஜ் டிரைவர்). லேப்டாப் நிறுவனத்தின் தளத்தில் அந்த மாடலுக்கு உரியதை வேறொரு கணினியில் இறக்கி, விரித்து, பென்டிரைவில் போடு. விரிக்காத நிறுவல் கோப்பை அப்படியே கொடுத்தால் ஏற்காது.'

அடைப்புக்குறிக்குள் கடைச்சொல்லை முதல் பதிப்பு முழுக்க வைத்திருப்போம். பையன்கள் தேடும்போது அதைத்தான் தட்டுவார்கள்.

இன்னும் ஒன்று மிச்சம். டிரைவரை நிறுவல் சிடிக்குள் கலப்பதைச் சொல்ல, கையேட்டில் இப்போதைக்கு 'உட்கலத்தல்' என்று எழுதியிருக்கிறேன். எனக்கே ஒப்பவில்லை. வேறு தோன்றினால் எழுதுங்கள், அச்சுக்குப் போகும்முன் மாற்றிவிடலாம்.