மறுமொழி: ஜெனரேட்டர் கவர்னருக்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

நண்பர்களுக்கு வணக்கம். பாரம் ஏறி இறங்கும்போது ஜெனரேட்டர் எஞ்சினின் வேகம் மாறாமல் பார்த்துக்கொள்ளும் கருவிதான் கவர்னர்.

> 'வேகக் கட்டுப்படுத்தி' ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. அதையே வைத்துக்கொள்ளலாமே?

அண்ணாச்சி, எனக்கு இதில் உடன்பாடில்லை. அந்தச் சொல்லைக் கேட்டதும் வேன், லாரிகளில் பூட்டுகிற கருவிதான் நினைவுக்கு வரும். அது குறித்த வேகத்தைத் தாண்டவிடாது, அதோடு சரி. ஜெனரேட்டரில் இருப்பதோ வேகம் குறைந்தால் டீசலைக் கூட்டி மேலே ஏற்றவும் செய்யும். நெல்லையப்பர் தேருக்கு முட்டுக்கட்டை போடுகிறவர் வேலையும், பின்னாலிருந்து நெம்பிக் கொடுக்கிறவர் வேலையும் அதில் சேர்ந்திருக்கிறது.

4 துருவ ஆல்டர்னேட்டரில் (மின்சாரம் உண்டாக்கும் பகுதி) 50 ஹெர்ட்ஸ் வேண்டுமானால் எஞ்சின் நிமிடத்துக்கு 1500 சுற்றில் நிற்க வேண்டும். பாளையங்கோட்டையில் ஒரு கல்யாண மண்டபத்தில் கரண்ட் போய் ஜெனரேட்டர் செட் ஓடுகிறது என்று வையுங்கள். ஏசி கம்ப்ரசர் ஏறியதும் எஞ்சின் தளரும். பழைய கவர்னரில் சுழலும் குண்டுகளும் ஸ்பிரிங்கும் சேர்ந்து டீசல் பம்பில் அளவை மாற்றும் தண்டான ரேக்கை நகர்த்தும். முழுப் பாரத்தில் 1500 என்று வைத்தால், பாரமில்லாதபோது 1560 வரை போகும். அந்த 4 விழுக்காடு அதன் அமைப்பிலேயே உள்ளது.

மின்னணுக் கவர்னரில் ஃப்ளைவீல் பல்லுக்கு எதிரே காந்த பிக்கப் என்ற உணரி ஒன்று இருக்கும். பல் கடக்கும்போதெல்லாம் ஒரு துடிப்பு. 120 பல் என்றால் 1500 சுற்றில் நொடிக்கு 3000. கட்டுப்பாட்டுப் பலகை இதைக் குறித்த வேகத்தோடு ஒப்பிட்டு, டீசல் அளவை மாற்றும் ஆக்சுவேட்டருக்குப் போகும் மின்னோட்டத்தைக் கூட்டிக் குறைக்கும். வித்தியாசம் எவ்வளவு என்பதோடு எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்பதையும் சேர்த்துக்கொள்வதால், பாரம் கூடினாலும் வேகம் சற்றே இறங்கி மறுபடி 1500க்கே வரும். கெயினை, அதாவது வித்தியாசத்துக்கு எவ்வளவு பலமாக ஈடுகொடுப்பது என்ற அளவை, அதிகமாகக் கூட்டி வைத்துவிட்டால் எஞ்சின் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். பட்டறையில் ஹண்டிங் என்பார்கள், நாம் 'அலைவு' எனலாம். அப்புறம், பிக்கப் வயர் அறுந்தால் என்ன ஆகும்? வேகம் சுழி என்று நம்பி டீசலை வாரி இறைத்தால் எஞ்சின் தறிகெட்டுப் போகும். அதனால் துடிப்பு நின்றால் டீசலை மூடும்படிதான் அமைத்திருப்பார்கள்.

ஆகவே என் பரிந்துரை 'மின்னணு வேக நிலைப்படுத்தி'. வோல்டேஜ் ஸ்டெபிலைசரை மின்னழுத்த நிலைப்படுத்தி என்று எழுதிப் பழகிவிட்டோம். இரண்டும் ஒரே குடும்பம். 'நிலைநிறுத்தி' வேண்டாம். அதே எஞ்சினில் டீசலை நிறுத்தும் ஸ்டாப் சாலினாய்டும் இருக்கிறது, அவசரத்தில் படிக்கிறவர் குழம்புவார்.

மேலே சொன்ன 4 விழுக்காடு போல, பாரம் ஏறும்போது வேகம் இறங்குவதை 'ட்ரூப்' என்பார்கள். அதற்கு 'வேகச் சரிவு' போதும். 'குறைபாடு' என்ற சொல் ஒட்டாது. இரண்டு செட்டை இணைத்து ஓட்டும்போது பாரத்தைப் பகிர்ந்துகொள்ள வேண்டுமென்றே அந்தச் சரிவை வைப்பதுண்டு.

ஆக்சுவேட்டருக்குத்தான் இன்னும் சரியாக அமையவில்லை. 'இயக்கி' என்றால் மோட்டாரை ஓட்டும் மின்சுற்றான மோட்டார் டிரைவரோடு மோதும். பேட்டை, மேலப்பாளையம் பட்டறைப் பக்கம் வேறு சொல் கேட்டவர்கள் இந்த இழையிலேயே எழுதுங்கள்.