தொற்றெதிர்ப்பு மருந்தும் அழற்சி எதிர்ப்பு மருந்தும் ஒரே நோயாளிக்குச் சேரும்போது தாதியர் கவனிக்க வேண்டியவை எவை?

கேள்வி
எழுதியவர்: தாதிய மாணவி, இரண்டாம் வருடம், யாழ்ப்பாணம்

அனைவருக்கும் வணக்கம். மருந்தியல் பாடத்தில் தொற்றெதிர்ப்பு மருந்துகளை ஓர் அலகாகவும் அழற்சி எதிர்ப்பு மருந்துகளை இன்னோர் அலகாகவும் படித்தோம். வகை, செயற்படும் விதம், பக்கவிளைவு, தாதியர் கடமை என்று ஒவ்வொன்றையும் தனித்தனியே எழுதி மனனமும் செய்திருக்கிறேன். ஆனால் மருத்துவ விடுதியில் பயிற்சி தொடங்கிய பிறகு, இரு வகை மருந்துகளும் ஒரே உடம்பில் சேரும் நிலைதான் அதிகம் என்று காண்கிறேன்.

சிறுநீரகத் தொற்றுடன் அனுமதிக்கப்பட்ட வயதான அம்மா ஒருவருக்கு நாளவழியாக ஜென்ராமைசின் என்ற தொற்றெதிர்ப்பு மருந்து ஏற்றப்பட்டு வந்தது. அவர் குருதி அமுக்கத்துக்கு லோசாட்டன் பாவிப்பவர். முழங்கால் வலிக்கென்று வீட்டிலிருந்து கொண்டுவந்த டைக்குளோபெனாக் என்ற அழற்சி எதிர்ப்புக் குளிசைகளைத் தலையணைக்குக் கீழே வைத்து, சாப்பாட்டுக்குப் பிறகு தாமாகவே போட்டுக்கொண்டிருந்தார். அதைக் கண்ட பொறுப்புச் சகோதரி குளிசைகளை வாங்கி வைத்துவிட்டு, உடனே வைத்தியருக்கு அறிவித்தார். சிறுநீரின் அளவைக் குறித்து வரும்படி எங்களிடம் சொன்னார். அம்மாவின் காய்ச்சலோ அதற்கு முன்னரே இறங்கியிருந்தது.

வலிக்குளிசை ஒன்றுக்காக ஏன் இவ்வளவு அவசரம்? காய்ச்சல் இறங்கியதைத் தொற்று அடங்கியதன் அறிகுறியாகக் கொள்ளலாமா? அழற்சி எதிர்ப்பு மருந்து தொற்றின்போது ஆபத்தானதென்றால், மூளையுறை அழற்சி உள்ளவருக்கு நுண்ணுயிர் எதிரியோடு டெக்சாமெதசோனையும் ஏன் கொடுக்கிறார்கள்? தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாவேன்.

பதில் 1
எழுதியவர்: தாதிய உத்தியோகத்தர், மருத்துவ விடுதி

தங்கைக்கு வணக்கம். முதற் கேள்விக்கான விடை அந்த அம்மாவின் சிறுநீரகத்தில் இருக்கிறது. சிறுநீரக வடிகட்டிக்குள் குருதியைக் கொண்டுவரும் நுண்குழாயைத் திறந்து வைத்திருப்பதில், உடம்பே உண்டாக்கும் புரொஸ்டாகிளான்டின்கள் என்ற இரசாயனங்களுக்குப் பங்குண்டு. நல்ல உடல்நிலையில் அந்தப் பங்கு பெரிதாகத் தெரியாது. காய்ச்சலாலும் வாந்தியாலும் உடம்பில் நீர் குறைந்திருக்கும்போது சிறுநீரகம் அதையே நம்பியிருக்கும். டைக்குளோபெனாக், ஐபுபுரூபன் போன்றவை அந்தப் புரொஸ்டாகிளான்டின் உற்பத்தியைத் தடுக்கின்றன. ஆகவே உள்ளே வரும் குழாய் சுருங்குகிறது. லோசாட்டனோ வெளியேறும் குழாயைத் தளர்த்துகிறது. ஒரு பக்கம் வரவு குறைய, மறுபக்கம் வடிகட்டுவதற்கு வேண்டிய அமுக்கமும் குறைகிறது. இவற்றோடு புருசமைட் போன்ற சிறுநீர்பெருக்கியும் சேர்ந்தால் நிலைமை இன்னும் மோசமாகும்.

இந்த இடத்தில்தான் ஜென்ராமைசின் வருகிறது. அது மாற்றமடையாமல் சிறுநீரகத்தின் வழியாகவே வெளியேறும் மருந்து. சிறுநீரக நுண்குழாய்களின் கலங்களிலே தேங்கி, அவற்றுக்கே தீங்கு செய்யவும் கூடியது. வடிகட்டல் குறைந்தால் மருந்து குருதியில் தங்கும். தங்கிய மருந்து சிறுநீரகத்தை மேலும் கெடுக்கும். அதே மருந்து உட்காதையும் தாக்கும். அந்தச் சேதம் பெரும்பாலும் மீளாது என்பதால் பொறுப்புச் சகோதரியின் அவசரம் முற்றிலும் நியாயமானது.

ஒன்றை இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஜென்ராமைசினால் வரும் சிறுநீரகப் பாதிப்பில் சிறுநீரின் அளவு பல வேளைகளில் குறைவதேயில்லை. சிகிச்சை தொடங்கி ஐந்து முதல் ஏழு நாட்களில், சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாற்றினின் குருதியில் மெல்ல ஏறுவதாகவே அது வெளிப்படும். டைக்குளோபெனாக்கினால் வரும் பாதிப்பில் சிறுநீர் குறையலாம். ஆகவே அளவு நன்றாக இருக்கிறது என்று கண்டு ஆறுதலடையாமல், கிரியாற்றினின் முடிவு வந்ததா என்றும் அடுத்த வேளை மருந்துக்கு முன் எடுக்க வேண்டிய குருதி மாதிரி எடுக்கப்பட்டதா என்றும் பாருங்கள். நாளொன்றுக்கு ஒருமுறை கொடுக்கும் முறையில், அந்த மாதிரியில் மருந்தின் அளவு லீற்றருக்கு 1 மில்லிகிராமுக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்பதே வழமையான எதிர்பார்ப்பு. மருந்து ஏற்றிய நேரமும் குருதி எடுத்த நேரமும் சரியாக எழுதப்படாவிட்டால் ஆய்வுகூடம் தரும் எண்ணால் எந்தப் பயனும் இல்லை. அந்த இரண்டு நேரங்களையும் எழுதுபவர் தாதியே.

காதைப் பற்றி நோயாளி தாமாக முறையிட மாட்டார். காது இரைகிறதா, எழுந்து கழிப்பறைக்கு நடக்கும்போது தள்ளாடுகிறதா என்று நாங்கள்தான் கேட்க வேண்டும். முதுமையால் வரும் தள்ளாட்டம் என்று வீட்டாரும் நாங்களும் கடந்துவிடக்கூடிய அறிகுறி அது. புதிதாகத் தொடங்கியதா என்ற ஒரு கேள்வியே பெரும்பாலும் போதும்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். காய்ச்சல் என்பது உடல் வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் மூளைப் பகுதியான ஐப்போதலமசில் புரொஸ்டாகிளான்டின் உண்டாக்கும் மாற்றம். டைக்குளோபெனாக்கும் பரசிற்றமோலும் அந்த மாற்றத்தைத் தணிக்கின்றனவே தவிர, பற்றீரியா ஒன்றைக்கூட அவை கொல்வதில்லை. ஆகவே அந்த அம்மாவின் வெப்பநிலை இறங்கியது ஜென்ராமைசினாலா டைக்குளோபெனாக்கினாலா என்பதை வெப்பநிலைக் கோட்டை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. எந்த வேளையில் எந்தக் காய்ச்சல் மருந்து கொடுக்கப்பட்டது என்பதை வெப்பநிலையை எழுதும் அதே தாளில், அதே நேரத்துக்கு நேராக எழுதிவைக்கும் பழக்கத்தை இப்போதே ஏற்படுத்திக்கொள்ளுங்கள். நாடித்துடிப்பு, நிமிடத்துக்கு எத்தனை மூச்சு, குருதி அமுக்கம், மனத்தெளிவு, சாப்பாட்டில் விருப்பம் ஆகியவையும் சேர்ந்து சீரடைந்தால்தான் தொற்று அடங்குகிறது என்று நம்பலாம். காய்ச்சல் இறங்கியும் மூச்சின் வேகம் ஏறிக்கொண்டிருந்தால், அந்த நோயாளியை உடனே வைத்தியருக்குக் காட்ட வேண்டும்.

எங்கள் ஊருக்குரிய ஒரு சொல்லையும் சேர்த்துவிடுகிறேன். வடகீழ்ப் பருவமழைக் காலத்தில் காய்ச்சலோடு வருபவரில் முதல் இரண்டு மூன்று நாட்களில் டெங்குவா வேறு தொற்றா என்று பிரித்தறிவது கடினம். டெங்குவில் டைக்குளோபெனாக், ஐபுபுரூபன், அஸ்பிரின் எதுவும் கூடாது. அவை இரைப்பையின் உட்படலத்தைப் புண்படுத்தி, குருதிச் சிறுதட்டுகளின் வேலையையும் கெடுத்து, குருதிப்போக்குக்கு வழிவிடும். பரசிற்றமோல் மட்டுமே, அதுவும் நிறைக்கேற்ற அளவில். அனுமதிக்கும்போது ‘என்ன மருந்து போட்டீர்கள்’ என்று கேட்பதோடு நிற்காமல், பிள்ளைக்கு மலவாசல் வழியாக ஏதாவது வைத்தீர்களா என்றும் கேளுங்கள். வாயால் கொடுக்காததைப் பல தாய்மார் மருந்தாகவே கணக்கில் எடுப்பதில்லை.

பதில் 2
எழுதியவர்: வைத்தியர், மருத்துவப் பிரிவு

மூன்றாவது கேள்விக்கு மட்டும் விடை தருகிறேன். மற்றவற்றை மேலே அழகாக விளக்கியிருக்கிறார்கள்.

பற்றீரியாவால் வரும் மூளையுறை அழற்சியில், நுண்ணுயிர் எதிரி பற்றீரியாக்களை உடைக்கும்போது அவற்றின் கலச்சுவர்த் துண்டுகள் வெளியேறி அழற்சியை மேலும் தூண்டுகின்றன. மண்டையோட்டுக்குள் வீக்கத்துக்கு இடமில்லை. நரம்புகளும் காதும் பாதிக்கப்படுவதற்கு அந்த அழற்சியும் ஒரு முக்கிய காரணம். அதனாலேயே டெக்சாமெதசோனை நுண்ணுயிர் எதிரியின் முதல் வேளைக்குச் சற்று முன்னரோ அதனுடன் சேர்த்தோ கொடுக்கிறோம். நியூமோகொக்கசு என்ற பற்றீரியாவின் தொற்றில் அதன் பயன் தெளிவானது. ஆனால் டெக்சாமெதசோன் விடுதியில் இல்லை என்பதற்காக நுண்ணுயிர் எதிரியைத் தாமதப்படுத்தக் கூடாது. முதலில் உயிர், பிறகு காது.

அழற்சியை அடக்குவது எப்போது பயன் தரும், எப்போது தீங்காகும் என்பதற்குக் கொவிட் காலமும் சான்று. 2020 யூனில் வெளியான பிரித்தானிய ஆய்வில், ஒட்சிசன் தேவைப்பட்டவர்களுக்கு நாளொன்றுக்கு 6 மில்லிகிராம் டெக்சாமெதசோன் இறப்பைக் குறைத்தது. ஒட்சிசன் தேவைப்படாதவர்களுக்கு அதனால் பயன் காணப்படவில்லை. மருந்தும் அளவும் ஒன்றே. நோயின் கட்டந்தான் வேறு.

டெக்சாமெதசோன், பிரெட்னிசலோன் போன்ற ஸ்டீரோயிட் பெறும் நோயாளியில் வெண்குருதிக் கலங்களின் எண்ணிக்கை தொற்று இல்லாமலே ஏறும்; தொற்று இருந்தும் காய்ச்சலும் வயிற்று நோவும் மறைந்திருக்கும். குடல் துளைபட்டவரின் வயிறுகூட மென்மையாகவே இருக்கலாம். ‘இன்று வயிறு கொஞ்சம் பொருமியிருக்கிறது’ என்று தாதி சொல்லும் ஒரு வசனத்துக்கு நான் மிகுந்த மதிப்புக் கொடுக்கிறேன்.

நீரிழிவுள்ளவர்களைப் பற்றி ஒன்று. காலையில் கொடுக்கப்படும் பிரெட்னிசலோன், குருதிக் குளுக்கோசை மத்தியானத்துக்குப் பிறகும் மாலையிலும் கூடுதலாக ஏற்றும். காலை வெறும் வயிற்றுப் பரிசோதனை நன்றாக இருப்பதை வைத்து முடிவு செய்தால் பிற்பகல் ஏற்றம் தவறிவிடும். மூன்று வாரங்களுக்கு மேல் ஸ்டீரோயிட் எடுத்தவருக்கு அதைத் திடீரென நிறுத்தினால், உடம்பின் சொந்த ஸ்டீரோயிட்டைச் சுரக்கும் அதிரீனல் சுரப்பி ஈடுகொடுக்காது. வாந்தியால் குளிசை தங்காத நாளிலும் அதே ஆபத்து உண்டு என்பதால், அவ்வாறானவர் வாந்தி எடுத்தால் உடனே அறிவியுங்கள். காசநோய்க்கு றிபாம்பிசின் எடுப்பவரில் ஈரல் நொதிகள் தூண்டப்பட்டு, பிரெட்னிசலோனின் வலு குறைந்துவிடும் என்பதையும் நினைவில் வைத்திருங்கள்.

பதில் 3
எழுதியவர்: மருந்தாளர், சுன்னாகம்

நான் பாமசியில் இருப்பவன் என்பதால் விடுதிக்கு வெளியே நடப்பதைப் பற்றி எழுதுகிறேன். டைக்குளோபெனாக் பல வர்த்தகப் பெயர்களில் வருகிறது. ஒரு துண்டில் ஒரு பெயரும் மறு துண்டில் இன்னொரு பெயரும் இருந்தால், இரண்டும் வேறு மருந்துகள் என்று எண்ணி இரண்டையும் போடுபவர்கள் இருக்கிறார்கள். நாளொன்றுக்கு 150 மில்லிகிராம் என்ற உச்ச அளவு அப்படித்தான் கடக்கப்படுகிறது. வீடு செல்லும் நோயாளியிடம் மருந்தின் இரசாயனப் பெயரைக் காட்டி விளக்குவது தாதியரும் செய்யக்கூடிய வேலை.

வயலில் இறங்குபவர்களுக்கு எலிக்காய்ச்சல் வராமல் தடுக்க வாரமொருமுறை 200 மில்லிகிராம் டொக்சிசைக்ளின் கொடுக்கப்படுவதுண்டு. 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் எலிக்காய்ச்சலால் உயிரிழப்புகள் நேர்ந்த பிறகு இதைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். நிறையத் தண்ணீருடன் விழுங்கி, அரை மணித்தியாலமாவது படுக்காமல் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் குளிசை உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கும். இரும்புச்சத்துக் குளிசையுடன் சேர்த்து எடுக்கக் கூடாது. எலிக்காய்ச்சலில் கெண்டைக்கால் தசை கடுமையாக நோகும். வயல் வேலையால் வந்த நோவு என்று நினைத்து டைக்குளோபெனாக் வாங்க வருவார்கள். அந்த நோய் சிறுநீரகத்தைத் தாக்குவது. காய்ச்சலும் கால் நோவும் சேர்ந்திருக்கிறது என்று கேட்டறிந்தால் நான் வலிக்குளிசை கொடுப்பதில்லை, வைத்தியசாலைக்குத்தான் அனுப்புகிறேன்.

எனக்கு அதிகம் அச்சம் தரும் சேர்க்கை மெத்தோற்றெக்சேற்றும் கோற்றைமொக்சசோலும். முடக்குவாதத்துக்கு வாரத்தில் ஒரு நாள் மட்டும் எடுக்கும் மெத்தோற்றெக்சேற், கலங்கள் பெருகத் தேவையான போலிக்கமிலம் என்ற உயிர்ச்சத்தின் பாதையைத் தடுக்கிறது. கோற்றைமொக்சசோலிலுள்ள திரைமெதோபிரிமும் அதே பாதையிலேயே தலையிடுகிறது. சிறுநீர்த் தொற்றுக்கென்று யாரோ எழுதிய சில நாள் குளிசையால், குருதிக் கலங்களை உண்டாக்கும் எலும்பு மச்சை ஒடுங்கிப்போகக் கூடும். வாய்ப்புண், தொண்டைப்புண், காரணமில்லாத கண்டல் ஆகியவை அதன் முதல் அடையாளங்கள். சிப்ரோபுளொக்சசின் என்ற தொற்றெதிர்ப்பு மருந்தும் பிரெட்னிசலோனும் சேர்ந்தால், குறிப்பாக 60 வயதைக் கடந்தவர்களில், குதிக்கால் தசைநாண் அறுந்துபோகும் ஆபத்து கூடுகிறது. குதிக்காலின் பின்புறம் நோகிறது என்றால் மருந்தை நிறுத்தி வைத்தியரைக் காணச் சொல்லுங்கள்.

மீண்டும் மாணவி

மூவருக்கும் மிக்க நன்றி. இன்னொன்று கேட்கிறேன். ‘பெனிசிலின் ஒத்துக்கொள்ளாது’ என்று நோயாளி சொன்னால், அதை அப்படியே எழுதிவிட்டால் போதுமா? வன்கோமைசின் என்ற தொற்றெதிர்ப்பு மருந்தை ஏற்றும்போது உடம்பு சிவந்தாலும் ஒவ்வாமை என்றுதான் எழுத வேண்டுமா?

பதில் 4
எழுதியவர்: தாதிய உத்தியோகத்தர், மருத்துவ விடுதி

அப்படியே எழுதினால் போதாது, தங்கை. எந்த மருந்து, போட்டு எவ்வளவு நேரத்தில், என்ன நடந்தது, அதற்கு என்ன சிகிச்சை கொடுத்தார்கள் என்று நான்கையும் கேட்டு எழுதுங்கள். வயிற்றோட்டமும் குமட்டலும் வந்ததைப் பலர் ஒவ்வாமை என்பார்கள். ஊசி போட்டுச் சில நிமிடங்களில் தடிப்பு எழுந்து, மூச்சு இழுத்து, மயங்கியதாகச் சொன்னால் அது முற்றிலும் வேறு. முதலாவதை ஒவ்வாமை என்று எழுதிவிட்டால், அந்த நோயாளிக்கு வாழ்நாள் முழுவதும் பொருத்தமான மருந்து மறுக்கப்பட்டு, தேவைக்கு மேல் பரந்த வீச்சுடைய மருந்து கொடுக்கப்படும். இரண்டாவதை எழுதத் தவறினால் உயிரே போகலாம். ஆஸ்துமா உள்ளவரிடம் வலிக்குளிசையால் மூச்சு இழுத்ததா என்றும் அதே வேளையில் கேட்டுவிடுங்கள். அஸ்பிரினுக்கு அப்படியானவர்களுக்கு டைக்குளோபெனாக்கும் கூடாது.

வன்கோமைசினில் முகமும் கழுத்தும் சிவந்து அரிப்பது பெரும்பாலும் வேகமாக ஏற்றுவதால் வருவது. நிமிடத்துக்கு 10 மில்லிகிராமுக்கு மேற்படாமல், அதாவது 1 கிராமுக்கு ஏறத்தாழ 100 நிமிடங்கள் எடுத்து ஏற்ற வேண்டும். சிவந்தால் ஏற்றுவதை நிறுத்தி, குருதி அமுக்கத்தைப் பார்த்து, வைத்தியருக்கு அறிவியுங்கள். அடங்கிய பிறகு மெதுவாகத் தொடர முடியும். குறிப்பில் ‘ஏற்றும் வேகத்தால் வந்த தாக்கம்’ என்று, அப்போதிருந்த வேகத்தையும் சேர்த்து எழுதுங்கள்.

மூச்சிழுப்போ அமுக்க வீழ்ச்சியோ சேர்ந்தால் காத்திருக்க நேரமில்லை. மருந்தை நிறுத்தி, உதவிக்கு அழைத்து, நோயாளியைக் கிடத்திக் கால்களை உயர்த்துங்கள். மூச்சு முட்டுபவர் உட்கார்ந்திருக்கட்டும். வளர்ந்தவருக்கு ஆயிரத்தில் ஒன்று செறிவுள்ள அதிரினலின் 0.5 மில்லிலீற்றர், தொடையின் நடுப்பகுதியில் வெளிப்புறமாகத் தசைக்குள் கொடுக்கப்பட வேண்டும். குணமில்லையென்றால் ஐந்து நிமிடத்தில் மீண்டும். ஐதரோகோட்டிசோனும் குளோபெனிரமீனும் அதற்குப் பிறகு வருபவை; அவற்றைத் தேடப் போய் அதிரினலினைத் தாமதப்படுத்தக் கூடாது. நாளைக்கு விடுதிக்குப் போனதும், அவசர மருந்துத் தட்டில் அதிரினலின் எந்த இடத்தில் இருக்கிறது, அதன் காலாவதித் திகதி என்ன என்று பார்த்து வையுங்கள்.