சூடானால் நிற்கும் பழைய புல்லட்: என்ன கோளாறு?

நாஞ்சில் புல்லட்:
வணக்கம். என்னுடையது எண்பதுகளில் வந்த புல்லட் 350, பாயிண்ட் செட் (பொறிக்கான மின்சாரத்தைச் சேர்த்துப் பிரிக்கும் முனைகள்) உள்ள வண்டி. காலையில் ஒரே கிக்கில் எடுக்கும். எஞ்சின் நன்றாகச் சூடானதும் திணறி, சைலன்சரில் ரெண்டு வெடி வெடித்து நின்றுவிடும். ஆறவிட்டால் ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடும். பிளக் புதுசு. கார்புரேட்டரும் சுத்தம் செய்தாயிற்று.

ஞாயிற்றுக்கிழமை பேச்சிப்பாறை போகும்போது குலசேகரம் தாண்டி, ரப்பர் தோட்டத்துக்கு நடுவில் படுத்துவிட்டது. சிரட்டையில் பால் எடுத்துக்கொண்டிருந்த அக்கா வாளியை இறக்கி வைத்துவிட்டு, என்னோடு சேர்ந்து வண்டியை நிழலுக்குத் தள்ளினார். அவர் கூப்பிட்டதும் மகன் ஸ்பானரோடு வந்தான். பிளக்கைக் கழற்றி எஞ்சின்மேல் வைத்துக் கிக் அடிக்கச் சொன்னான். மங்கலாக ஒரு மஞ்சள் பொறி, அவ்வளவுதான். பிறகு ரப்பர் ஷீட் ஏற்றப் போன டெம்போக்காரர், "வண்டி சும்மாதான் போவுது, ஏத்தும் அண்ணே" என்று தக்கலை வரை கொண்டுவந்து விட்டார். காசு வாங்கவே இல்லை. இறக்கியதும் ஒரே கிக்கில் ஸ்டார்ட்! அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே...

மார்த்தாண்டத்தான்:
டேங்க் மூடியிலுள்ள காற்றுத் துளை அடைத்தாலும் இப்படித்தான் நிற்கும். நின்றவுடன் மூடியைத் திறந்து பாருங்கள். உஸ்ஸென்று காற்றை இழுத்து, உடனே ஸ்டார்ட் ஆனால் அதுதான் கோளாறு.

நாஞ்சில் புல்லட்:
அதையும் அங்கேயே பார்த்தோம். சத்தமும் இல்லை, ஸ்டார்ட்டும் ஆகவில்லை.

தோவாளை அண்ணாச்சி:
மஞ்சள் பொறி என்று சொன்ன பிறகு பெட்ரோல் பக்கம் எதற்குப் போகிறீர்கள்? எனக்குப் பாயிண்டோடு இணைந்திருக்கும் மின்தேக்கியான கண்டென்சர் மேல்தான் சந்தேகம். சூட்டில் உள்ளே கசியும், ஆறினால் சரியாகிவிடும். அடுத்த தடவை நின்றால் சாவியைப் போட்டு, கிக்கரை மெல்ல அமுக்கி, மின்னோட்டம் காட்டும் அம்மீட்டரைப் பாருங்கள். பாயிண்ட் சேரும்போது முள் கொஞ்சம் இறங்கும், பிரியும்போது நடுவுக்கு வரும். முள் ஒழுங்காக ஆடியும் பொறி மங்கல் என்றால் கண்டென்சராக இருக்கும், அதுவும் இல்லையென்றால் பிளக்குக்கு உயர் மின்னழுத்தம் தரும் காயில். பாயிண்ட் இருக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றி அதையும் பாருங்கள். ஒரு பக்கம் குழி, மறுபக்கம் மேடு இருக்கிறதா? கண்டென்சர் கெட்டால் அப்படி ஆகும்.

பழைய சாவி:
காயிலும் சூட்டில் இதே வேலையைக் காட்டும். ஆனாலும் முதலில் கண்டென்சரை மாற்றுங்கள், செலவு குறைவு.

நாஞ்சில் புல்லட்:
அண்ணாச்சி சொன்னபடியே குழியும் மேடும் இருந்தது. அம்மீட்டர் முள்ளும் ஆடியது. கண்டென்சர், பாயிண்ட் ரெண்டையும் மாற்றி, ஃபீலர் கேஜ் வைத்து இடைவெளியை 0.35க்கும் 0.40 மில்லிமீட்டருக்கும் நடுவில் வைத்தேன். நேற்று குலசேகரம் போய்ப் பையனுக்கு ஒரு ஸ்பானர் செட் கொடுத்துவிட்டு வந்தேன். வழியில் எங்கும் நிற்கவில்லை. டெம்போக்காரரைத்தான் பார்க்க முடியவில்லை. ஒரு சந்தேகம்: இப்போது கிடைக்கும் கண்டென்சர் தாங்குமா?

தோவாளை அண்ணாச்சி:
சிலது தாங்கும், சிலது ஒரு மாதத்தில் போய்விடும். நான் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் வைப்பதில்லை. ஒயரை நீட்டி, டேங்குக்கு அடியில் காயில் பக்கத்தில் மாட்டிவிட்டேன், எஞ்சின் சூடு அவ்வளவாக ஏறாது. மாட்டும் இடத்தில் பெயிண்டைச் சுரண்டிவிடுங்கள், எர்த் சரியாகக் கிடைக்க வேண்டும். டூல் பாக்ஸில் இன்னொரு கண்டென்சரும் கிடக்கட்டும்.